நடுவெழுத்து

கேக்கில் பெயர் எழுத ஒரு முறை இருக்கிறது. முதல் எழுத்திலிருந்து தொடங்குகிறவன் புது ஆள். இடது ஓரத்தில் ஜம்மென்று ஆரம்பித்து, வலது ஓரத்துக்கு வரும்போது கடைசி இரண்டு எழுத்தைப் பேருந்துப் படிக்கட்டில் தொற்றிக்கொள்கிறவர்கள் மாதிரி விளிம்பில் தொங்கவிடுவான். பழகினவன் முதலில் எழுத்துகளை எண்ணுவான். நடுவெழுத்தைக் கேக்கின் நட்டநடுவில் வைப்பான். பிறகு இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று வெளியே நகர்வான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று பார்க்கிறவர்களுக்கு, இவன் நம்ம பிள்ளை பெயரை விட்டுவிட்டு வேறு என்னமோ கிறுக்குகிறானே என்று தோன்றும். கடைசி இரண்டு எழுத்தும் இடத்தில் விழுந்ததும் "அட!" என்பார்கள். பதினாறு வருடமாகக் கேக்காரன் அந்த "அட"வுக்காகத்தான் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனான்.

அந்தக் கடையில் இன்னொரு சட்டமும் உண்டு. சீட்டில் என்ன இருக்கிறதோ அதுதான் கேக்கில். பெயரை வாடிக்கையாளரே தன் கையால் எழுதி, கீழே கையெழுத்துப் போட வேண்டும். இவனுக்கு முன்பு இருந்த ஆள் ஒருமுறை நல்ல மனசோடு ஓர் எழுத்தைத் திருத்திக் கொடுத்து, ஒரு தகப்பனாரிடம் அரைமணி நேரம் வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகு முதலாளியம்மா போட்ட சட்டம். அதனால் ஒரே பெயர் ஆங்கிலத்தில் பதினோரு விதமாகச் சட்டை மாற்றிக்கொண்டு வருவதை அவன் பார்த்திருக்கிறான். ஒற்றை 'ஏ', இரட்டை 'ஏ', எங்கேயும் சேராமல் கடைசியில் வந்து ஒட்டிக்கொண்ட 'எச்'. எதற்கும் வாயைத் திறக்க மாட்டான். சீட்டுதான் தெய்வம்.

இப்பேர்ப்பட்டவனுடைய சொந்த மகளுக்கு, பிறந்து பதினோரு மாதம் இருபது நாள் ஆகியும், அரசாங்கப் பதிவில் பெயர் இல்லை.

பெயர் இல்லாமல் இல்லை. ஸ்பெல்லிங் இல்லை.

பெயர் என்னமோ பழைய பெயர்தான். மனைவி பள்ளிக்கூட நாளிலேயே நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்து, சுற்றிலும் கட்டம் போட்டு, வேறு யாரும் எடுத்துக்கொள்ளாமல் காத்து வந்த பெயர். மகள் பிறந்த அன்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி, "இந்தப் பேர் வைக்கலாமா?" என்று அவள் கேட்டபோது, கேக்காரன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றான். அந்த நிமிஷத்தில் அவள் "நாற்காலின்னு வைக்கலாமா?" என்று கேட்டிருந்தாலும் தலையை ஆட்டியிருப்பான். நாலு நாள் கழித்து, வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. பெயரின் நடுவில் ஒரு ழகரம் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தது.

கேக்காரனுக்கும் அந்த எழுத்துக்கும் சின்ன வயதிலிருந்தே பேச்சுவார்த்தை இல்லை. நல்ல நாளில் அது அவன் வாயில் ளகரமாக வரும். கோபம் வந்தாலோ யகரமாகிவிடும். அதனால் அவன் அதைச் சுற்றிக்கொண்டே போகக் கற்றுக்கொண்டான். மழை அவனுக்குத் தூறல், கொட்டினாலும் தூறல்தான். குழந்தை என்றால் பாப்பா. பழக்கடையில் போய், "அந்த மஞ்சளா தொங்குதே, அதுல ஒரு டஜன்" என்று கையைக் காட்டுவான். என்ன வேலை என்று யாராவது கேட்டால், எழுதுகிறேன் என்று சொல்லவும் வழியில்லை. "கேக் மேல பேர் போடறேன்" என்பான். எத்தனை பேருக்கு இப்படித் தன் தொழிலையே சொல்ல முடியாத கொடுப்பினை கிடைக்கும்?

உலகத்தில் பாதிப் பேருக்கு அந்த எழுத்து சரியாக வராது. யாரும் அதற்காக நாக்கைப் பிடுங்கிக்கொள்வதில்லை. ஆனால் அவன் பெண் எடுத்த வீடு வேறு மாதிரி வீடு. அங்கே மச்சான் இருந்தார்.

மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர். வயதில் கேக்காரனைவிட மூன்று மாதம்தான் பெரியவர். குரலில் முப்பது வருடம். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று அவர் தொடங்கினால், ரயில் இரண்டு மணி நேரம் தாமதம் என்ற செய்தியைக்கூட ஜனங்கள் பரிசு வாங்குகிற மாதிரி நின்று கேட்பார்கள். வீட்டில் உப்பு கேட்டாலும் அதே குரல். சோப்புத்தூள் டப்பாவின் பின்பக்கத்தை வாசித்தால், துவைக்காத துணிக்கே துவைத்த மாதிரி ஆகிவிடும். அவருடைய ழகரமோ, தேன் பாட்டிலைக் கவிழ்த்து வைத்த மாதிரி, அவசரமில்லாமல் வந்து விழும்.

எல்லோரும் 'பந்து' என்று கூப்பிட்ட அந்தப் பாப்பா, அழ ஆரம்பித்தால் யார் தூக்கினாலும் நிற்காது. மச்சான் தூக்கி, காதருகே, "மூன்றாவது நடைமேடையிலிருந்து…" என்று ஆரம்பிப்பார். ரயில் கிளம்புவதற்குள் பந்து தூங்கிவிடும். அதே வரியை அதே மாதிரி கேக்காரனும் ஒருநாள் ரகசியமாகச் சொல்லிப் பார்த்தான். பந்து அவனை ஒரு கணம் உற்றுப் பார்த்துவிட்டு, முன்னைவிட இரண்டு கட்டை மேலே ஏறி அலறியது. அத்தனை ரயிலும் ரத்தான மாதிரி.

ஏழாம் மாதத்தில் அது "ம்மா… ம்மா… மா" என்றது.

"மாமாங்கறா!" என்றார் மச்சான்.

"அம்மாங்கறா," என்றாள் மனைவி, ஆனால் அண்ணன் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே. "சரி போ, மாமாதான்."

கேக்காரன் அன்றைக்கு இரண்டு பிறந்தநாள் கேக்கில் பூவை மிகவும் அழுத்திப் பிழிந்துவிட்டான். ரோஜா முட்டைக்கோஸ் மாதிரி வந்தது.

ஸ்பெல்லிங் சண்டைக்கு வேர் இங்கேதான் இருந்தது. பதிவு அலுவலகப் படிவத்தில் பெயரை ஆங்கில எழுத்தில்தான் நிரப்ப வேண்டும். ழகரத்துக்கு 'இசட்', 'எச்' இரண்டையும் போட வேண்டும் என்றார் மச்சான். "பேருக்கு உயிரே அந்த எழுத்துலதான் மாப்ள இருக்கு. மைக்குல நான் எத்தனை பேரைப் படிக்கிறேன்! இசட்-எச் போட்டவன் பேரை மட்டும்தான் தைரியமா வாய்விட்டுப் படிக்க முடியுது. மத்ததெல்லாம் குருட்டாம்போக்குதான்."

'எல்' போதும் என்றான் கேக்காரன். காரணம் கேட்டால் ரொம்பப் பெரிய மனசோடு சொல்வான். "வெளியில இருக்கறவன் இசட்டைப் பார்த்தா 'ஜ'ன்னு படிப்பான் மச்சான். பாப்பா காலம் பூரா நின்னு நின்னு திருத்திக்கிட்டே இருக்கணும். எல்-லுன்னா அஞ்சே லெட்டர். கேக்ல அம்சமா உக்காரும்."

கேக்கில் அம்சமாக உட்காரும் என்பது உண்மை. மற்றதெல்லாம் மேல்பூச்சு. 'எல்' போட்டால் உலகம் முழுக்க அவன் மகளை அவன் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிடும். அப்போது தப்பாகச் சொல்கிறவன் அவனில்லை, மச்சான். அந்தத் தேன் பாட்டில் தனியாகக் கவிழ்ந்து கிடக்கும். இதை யோசிக்கும்போதெல்லாம் அவனுக்கு அடிவயிற்றில் ஒரு குளிர்ச்சி. அதோடு கூடவே, இவ்வளவு சின்னப் புத்திக்காரனா நாம் என்று ஒரு வெட்கமும் வரும். குளிர்ச்சிதான் கொஞ்சம் தூக்கலாக இருக்கும்.

இத்தனைக்கும், அவனுக்குள் ஒரு ரகசியப் பள்ளிக்கூடமும் நடந்துகொண்டிருந்தது. மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை, எட்டு மணிக்கே கிளம்பிவிடுவாள். கேக்காரன் பதினொரு மணிக்குப் போனால் போதும். அவன் கிளம்பும் நேரத்துக்கு மாமியார் வந்து பாப்பாவைப் பார்த்துக்கொள்வார். நடுவில் இருக்கிற மூன்று மணி நேரம் அவனுடையது. நீல நிறப் பிளாஸ்டிக் தொட்டியில் பந்தை உட்காரவைத்துக் குளிப்பாட்டும்போது, அவன் நாக்கை மேலண்ணத்தில் மடித்து, கண்ணை இறுக்கி, அந்தப் பெயரைச் சொல்லிப் பார்ப்பான். ளகரம் வரும். மறுபடி சொல்வான். ளகரமும் யகரமும் மோதிக்கொண்டு, சக்கரம் கழன்ற வண்டி மாதிரி ஒரு சத்தம் வரும். பந்து கெக்கெக்கே என்று சிரித்துத் தண்ணீரை அடிக்கும். அவன் இன்னொரு தடவை சொல்வான். அது இன்னும் பலமாக அடிக்கும். தினமும் இருபது தடவையாவது. எழுத்து மட்டும் வந்தபாடில்லை, சட்டைதான் நனைந்தது.

பிறந்து ஒரு வருடத்துக்குள் பெயரைப் பதியாவிட்டால் அப்புறம் அலைச்சல் அதிகம் என்று ஆனபோது, ஒரு மாலையில் வீட்டில் பேச்சு முடிவுக்கு வந்தது. மச்சான் பேசினார், அவ்வளவுதான். அவர் பேசி முடித்தபோது மாமியார் தலையாட்டிக்கொண்டிருந்தார், மாமனார் கண்ணை மூடி ரசித்துக்கொண்டிருந்தார், மிக்சிகூடச் சத்தமில்லாமல் இருந்தது.

"இசட்-எச்சே போட்டுடுவோம் அண்ணா," என்றாள் மனைவி. திரும்பி, "என்னங்க, சரிதானே?" என்றாள்.

"சரி," என்றான் கேக்காரன்.

மறுநாள் காலை அவள் படிவத்தில் தன் கையெழுத்தைப் போட்டு அவனிடம் கொடுத்தாள். பெயர்க் கட்டங்கள் மட்டும் காலி. "பேர் போடறதுதானே உங்க வேலை. அழகா நீங்களே நிரப்பிக் குடுத்துட்டு வாங்க," என்று அவன் சட்டைப்பையில் ஒரு பேனாவைச் செருகினாள்.

பதிவு அலுவலகம் இரண்டாவது மாடி. இரும்பு பெஞ்சு, சுவரில் ஒட்டிக் கிழித்த நோட்டீசுகளின் பசைத் தழும்பு, ஐந்தாவது ஜன்னலில் மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் தூக்கி வைத்திருந்த ஒரு குமாஸ்தா அம்மாள். படிகளில் ஏறும்போதே கேக்காரன் முடிவு செய்துவிட்டான். எல். படிவம் உள்ளே போய்விட்டால் போனதுதான். வீட்டில் கேட்டால், கை தானாகப் போய்விட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். மச்சான் மைக்கில் வந்து அழட்டும்.

மேஜையில் படிவத்தை விரித்தான். வரிசையாக இருபது கட்டங்கள்.  பதினாறு வருடத்தில் முதன்முறையாகச் சீட்டு இல்லாமல் எழுதப் போகிறான். அதுவும் திருட்டுத்தனமாக. கோடு கோணாமலிருக்க மூச்சைப் பிடித்துக்கொண்டான். அப்படி மூச்சைப் பிடித்ததும், கை கேக்கின் மேல் இருப்பதாக நினைத்துக்கொண்டுவிட்டது. கட்டங்களை எண்ணியது. பத்தாவது கட்டத்தில், நிறுத்தி நிதானமாக, வாலை லேசாகச் சுழித்து, ஓர் 'எல்' போட்டது. இடப்பக்கம் ஓர் எழுத்து. வலப்பக்கம் ஓர் எழுத்து.

"சார்," என்றாள் குமாஸ்தா அம்மாள், கண்ணாடியைத் தலையிலிருந்து மூக்குக்கு இறக்கி. "என்ன சார் இது? தியேட்டர்ல நடு சீட்டு புடிக்கற மாதிரி?"

கேக்காரன் குனிந்து பார்த்தான். முதல் எட்டுக் கட்டமும் காலியாக அவனைப் பார்த்து இளித்தன.

"இல்லம்மா… நான் எப்பவும் நடுவுலேர்ந்துதான்…"

"எப்பவுமா? எத்தனை புள்ளைங்க சார் உங்களுக்கு?"

பின்வரிசையில் நின்றிருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். "முதல் கட்டத்துலேர்ந்து வரணும் சார். அடிச்சுத் திருத்தினா மிஷின் எடுத்துக்காது. இந்தாங்க புதுசு. ரெண்டு பேர் கையெழுத்தும் புதுசாப் போட்டு எடுத்துட்டு வாங்க. பழசும் கூடவே இருக்கணும், பின் பண்ணிக் கொண்டாங்க."

பழசும் கூடவே இருக்கணும். திருடியவன் கையிலேயே பூட்டை உடைத்த கம்பியைக் கொடுத்து, வீட்டில் காட்டிவிட்டு வா என்று அனுப்புகிற மாதிரி இருந்தது.

மருந்துக்கடையில் வேலை செய்கிறவள் எந்த டாக்டர் எழுத்தையும் படித்துவிடுவாள். புருஷன் முகம் அதைவிடக் கொட்டை எழுத்து. மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்திருந்த மனைவி, பழைய படிவத்தை வாங்கி, பந்து பிடுங்காமல் உயரத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். நடுவில் 'எல்' பளிச்சென்று உட்கார்ந்திருந்தது.

"நேத்து சரின்னீங்க."

"கை… தானாப் போய்…"

"நடுவுலேர்ந்து போட்டது பழக்கம். எல் போட்டது?"

கேக்காரன் தொட்டியில் விடப்பட்ட ரப்பர் வாத்து மாதிரி முழித்தான்.

"எனக்குச் சொல்ல வேணாம். அண்ணன் உங்களை நம்பி ஆசையா இருக்காரு. ஏன்னு அவர்கிட்டயே போய்ச் சொல்லிட்டு வாங்க. அப்புறம் போடறேன் கையெழுத்து." பந்தை இடுப்பில் மாற்றிக்கொண்டாள். "இன்னிக்கே."

ரயில் நிலையத்தில் அறிவிப்பு அறை, பாலத்தின் படிக்கட்டு முடிகிற இடத்தில், மூன்று பக்கமும் கண்ணாடியோடு தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே இரண்டு நாற்காலி, ஒரு பிளாஸ்க், சிவப்புப் பஞ்சு மாட்டிய மைக். மைக்குக்கு நேர் எதிரே கண்ணாடியில் ஒரு போட்டோ ஒட்டியிருந்தது. பந்து. பல் இல்லாத சிரிப்பு. கேக்காரனுக்குச் சுருக்கென்றது. அவன் பர்சிலும் ஒன்று இருந்தது, வெண்ணெய்க் கறை பட்டு, பாதி முகம்தான் தெரியும். இந்த ஆள் ஒவ்வொரு ரயிலையும் அவன் மகளிடம் சொல்லித்தான் அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறார்.

"வாங்க மாப்ள! என்ன இந்த நேரத்துல? உக்காருங்க, இதோ வந்துடறேன்," என்ற மச்சான், வாசல் பக்கம் திரும்பினார்.

அங்கே ஓர் இளம் தாய், ஒரு போலீஸ்காரரோடு மூச்சிரைக்க நின்றிருந்தாள். நாலு வயதுப் பெண் கூட்டத்தில் கைநழுவிப் போய்விட்டது. போலீஸ்காரர் எழுதிய சீட்டை மச்சான் வாங்கிப் பார்த்தார். கேக்காரன் நிமிர்ந்து உட்கார்ந்தான். இப்போது அந்தத் தேன் பாட்டில் கவிழும், பெயர் கணீரென்று நிலையம் முழுக்கக் கேட்கும், குழந்தை ஓடி வரும், இவள் இவரைக் கும்பிடுவாள். பார்த்துத் தொலைக்க வேண்டியதுதான்.

மச்சான் சீட்டை அப்படியே மேஜையில் வைத்தார்.

"இது ஸ்கூல் பேரும்மா. வீட்ல எப்படிக் கூப்பிடுவீங்க?"

"அதே பேர்தாங்க…"

"எப்படி? எனக்கு ஒரு தடவை கூப்பிட்டுக் காட்டுங்க."

அவள் தயங்கினாள். "அது… சும்மா, வாய்க்கு வந்த மாதிரி…"

"அதத்தாம்மா கேக்கறேன்."

அவள் கூப்பிட்டாள். பெயரின் முன்பாதியை விழுங்கி, பின்பாதியை மூக்கால் இழுத்து, கடைசியில் ஒரு கேள்விக்குறி வைத்து. மச்சான் கண்ணை மூடிக் கேட்டார். இன்னொரு தடவை என்று விரலைக் காட்டினார். பிறகு மைக்கை இழுத்து, அந்தப் பொன்னான குரலை எங்கேயோ கழற்றி வைத்துவிட்டு, அதே மாதிரி கூப்பிட்டார். அதே விழுங்கல், அதே மூக்கு, அதே இழுவை. ஒன்று, இரண்டு, மூன்று தடவை. கீழே போர்ட்டர்கள் தலையைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தார்கள். நாலாவது தடவைக்கு, எடை பார்க்கும் இயந்திரத்தின் பின்னாலிருந்து ஒரு சின்னக் கவுன் வெளியே வந்து, சுற்றுமுற்றும் அம்மாவைத் தேடியது.

தாய் படியில் பாதியை மிதிக்காமலே இறங்கினாள். மச்சானைக் கும்பிடவெல்லாம் இல்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பேரைப் பேராச் சொன்னா இதுங்களுக்குத் தெரியாது மாப்ள," என்று மச்சான் பிளாஸ்கைத் திறந்தார். "யாரையோ கூப்பிடறாங்கன்னு நிக்கும். வீட்டுச் சத்தம் வேணும். சரி, நீங்க சொல்லுங்க."

கேக்காரன் பையைத் திறந்தான். இரண்டு படிவத்தையும் எடுத்து நீட்டினான். மச்சான் பார்த்தார். பத்தாவது கட்டம் வரை விரலை ஓட்டி, அங்கே நிறுத்தி, சத்தமாகச் சிரித்தார். சிரிப்பும் எதிரொலித்தது, சனியன்.

"மாப்ள, உங்களுக்கு அந்த எழுத்து வராதுன்னு எனக்குக் கல்யாணத்துக்கு முன்னாடியே தெரியும்."

"எப்படி?"

"என் தங்கச்சியைப் பார்க்க முதமுதல்ல வந்துட்டுத் திரும்பிப் போனீங்களே, அன்னிக்கு விசாரணை ஜன்னல்ல நான்தான் இருந்தேன். ஏழு மணி வண்டி இருக்கான்னு கேக்கறதுக்கு, 'ஆறு அம்பதுக்கு அப்புறம் பத்து நிமிஷத்துல ஏதாவது வண்டி இருக்கா'ன்னு கேட்டீங்க. உலகத்துலயே அப்படிக் கேட்ட ஒரே ஆள் நீங்கதான். யாருகிட்டயும் சொல்லல." டீயை மூடியில் ஊற்றி அவன் பக்கம் தள்ளினார். "எல்-லே போடுங்க மாப்ள. உங்க பொண்ணு. நான் பாட்டுக்குப் பேசிட்டே போயிட்டேன், எனக்கு மைக் கையில இருக்கறதும் இல்லாததும் தெரியறதில்ல."

கேக்காரனுக்கு அழுகை வருவதற்குப் பதிலாக ஆத்திரம்தான் வந்தது. ஆறு வருடம் ஒரு ரகசியத்தை வாயில் வைத்துக்கொண்டிருந்திருக்கிறார், அதுவும் இந்த வாயை வைத்துக்கொண்டு! இப்போது சண்டையே போடாமல் விட்டுக்கொடுக்கவும் செய்கிறார். பாப்பாவைத் தூங்க வைப்பதிலும் முதல், பெருந்தன்மையிலும் முதல் என்றால், மனுஷன் வேறு எதில்தான் போட்டி போடுவது? டீயைக் குடித்தான். அதுவும் நன்றாக இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது விளக்கு வைக்கிற நேரம். மனைவி வேலை முடிந்து வந்து, தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். பந்து அவள் காலை ஒரு தண்டவாளமாக நினைத்து ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"சொன்னீங்களா?"

"அவரே சொல்லிட்டாரு. எல்-லே போடுங்கன்னுட்டாரு."

"ஓ." அவள் பேனாவை எடுத்தாள். புதுப் படிவத்தில் கையெழுத்துப் போடக் குனிந்தாள்.

கேக்காரன் நினைத்த மாதிரி அடிவயிற்றில் குளிர்ச்சி வரவில்லை. பதிலாக, ஒரு சங்கடமான யோசனை வந்தது. பதினாறு வருடமாக எந்தக் கேக்கையும் அவன் சீட்டு வாங்காமல் தொட்டதில்லை. இந்தப் பெயருக்குச் சொந்தக்காரி, நோட்டின் கடைசிப் பக்கத்தில் கட்டம் போட்டு வைத்தவள், எதிரே உட்கார்ந்திருக்கிறாள். இரண்டு ஆண்பிள்ளைகள் பதினோரு மாதம் கட்டிப் புரண்டதில், அவளிடம் யாராவது சீட்டு கேட்டார்களா?

"உனக்கு எது வேணும்?" என்றான்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "பதினோரு மாசம் இருபது நாளாச்சு, இதைக் கேக்க."

"இப்பக் கேக்கறேன்ல."

"இசட்-எச்."

"அண்ணனுக்காகவா?"

"அண்ணனுக்கு என்ன, நாளைக்கு வேற எதையாவது பேசுவாரு." பேனாவைக் கன்னத்தில் தட்டிக்கொண்டாள். "காலையில தொட்டியில உக்கார வெச்சு அவகிட்ட நீங்க பண்ற கூத்து எனக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்களா? எதிர்வீட்டு அக்கா என்கிட்ட கேக்கறாங்க, 'உங்க வீட்டுக்காரர் தினமும் யாரையோ கூப்பிட்டுக்கிட்டே இருக்காரே, அவங்க ஏன் வரவே மாட்டேங்கறாங்க?'ன்னு."

கேக்காரனுக்குக் காது சூடாகியது.

"எல் போட்டா ஸ்கூல்ல, பஸ்ல, ஆபீஸ்ல எல்லாரும் உங்களை மாதிரியேதான் கூப்பிடுவாங்க," என்றாள் அவள், கையெழுத்தைப் போட்டபடி. "அப்புறம் கூட்டத்துல அப்பா எங்கன்னு அவளுக்கு எப்படித் தெரியும்?"

 எடை இயந்திரத்தின் பின்னாலிருந்து எட்டிப் பார்த்த கவுனைக் கேக்காரன் நினைத்துக்கொண்டான். சமையலறைக்குப் போய், தேவையில்லாமல் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்தான். வரும்போது கையில் ஒரு சீட்டு இருந்தது, கடைச் சீட்டு. "இதுல போட்டுக் குடு. அடியில சைன் பண்ணு," என்றான். அவள் சிரித்துக்கொண்டே எழுதிக் கொடுத்தாள். ஆறெழுத்து.

மறுநாள் ஐந்தாவது ஜன்னலில், குமாஸ்தா அம்மாள் தயாராகக் கண்ணாடியை மூக்கில் மாட்டிக்கொண்டு அவன் கையையே பார்த்தாள். ஆறெழுத்து என்றால் நடு என்பது எழுத்தே இல்லை, இசட்டுக்கும் எச்சுக்கும் இடையிலுள்ள சின்னச் சந்து. கை அந்தச் சந்தைத் தேடி அலைந்தது. அதை மணிக்கட்டில் பிடித்து, முதல் கட்டத்துக்கு இழுத்து வந்து, சீட்டைப் பார்த்து, புது ஆள் மாதிரி இடமிருந்து எழுதினான். எழுத்து கொஞ்சம் கோணல்தான். பதினான்கு கட்டம் பின்னால் காலியாகக் கிடந்தது அவன் கண்ணை உறுத்தியது.

"அட," என்றாள் குமாஸ்தா அம்மாள். "நல்ல பேரு சார். எப்படிச் சொல்லணும் இதை?"

"எங்க வீட்ல கேளுங்க," என்று கேக்காரன் கிளம்பினான்.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்தார். வந்ததும் வராததுமாகக் கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கையை விரித்து, பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். தேன் விழுந்தது. மூலையில் கரண்டியைக் கடித்துக்கொண்டிருந்த பந்து, கரண்டியை அங்கேயே போட்டுவிட்டு, நாலு காலில் விரைவு வண்டியாக ஓடி, அவர் மடியில் ஏறி, மூக்குக்கண்ணாடியைப் பிடித்து இழுத்தது.

அடுப்படி வாசலில் கைத்துண்டோடு நின்ற கேக்காரனுக்கு, பழைய இடத்தில் பழைய மாதிரியே சுருக்கென்றது. படிவம் போனாலும் அது போகவில்லை. போகும் என்று யார் சொன்னது?

"மாப்ள, உங்களை மாதிரி ஒரு தடவை கூப்பிடட்டுமா? தங்கச்சி நேத்து போன்ல சொல்லிக் காட்டினா. நான் பிராக்டிஸ் பண்ணி வெச்சிருக்கேன்," என்றார் மச்சான், குறும்பாக.

கேக்காரனுக்குத் திக்கென்றது. அவனுக்கென்று மிச்சமிருந்தது அந்தத் தப்பு ஒன்றுதான். அதையும் இந்த மனுஷன் அவனைவிட நன்றாகச் செய்துவிடுவாரே.

மச்சான் நாக்கை மடித்தார். சக்கரம் கழன்ற அந்தச் சத்தம், ளகரமும் யகரமும் மோதிக்கொள்கிற அதே இடறல், தொட்டியருகே குனிந்தவன் குரலில் இருக்கிற அந்தக் கரகரப்புகூட, அச்சு அசலாக அவர் வாயிலிருந்து வந்தது.

பந்தின் கை கண்ணாடியில் நின்றது. அது மச்சானின் வாயைப் பார்த்தது. ரொம்ப நேரம் பார்த்தது, உள்ளே யாரையாவது அடைத்து வைத்திருக்கிறாரா என்பது போல. பிறகு கழுத்தைத் திருப்பியது. ஜன்னலைப் பார்த்தது, குளியலறைக் கதவைப் பார்த்தது, அடுப்படி வாசலைப் பார்த்தது. கெக்கெக்கே என்று சிரித்தது. மடியிலிருந்து தலைகீழாகச் சரிந்து இறங்கி, தரையைப் படார் படாரென்று உள்ளங்கையால் அடித்துக்கொண்டு, நேராகக் கேக்காரனின் காலடிக்கு வந்து, அவன் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றது.

மனைவி வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டாள்.

கேக்காரன் மகளைத் தூக்கினான். இந்த நிமிஷத்துக்காகப் பதினோரு மாதமாக நாலைந்து வசனம் தயார் செய்து வைத்திருந்தான். எல்லாமே மச்சானைப் பார்த்துச் சொல்ல வேண்டியவை. சொல்லலாம் என்று திரும்பினால், மச்சான் விரித்த கையை மடக்க மறந்து உட்கார்ந்திருந்தார். சிரித்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் சிரிப்புக்கு அடியில், உதட்டோரத்தில், லேசாக ஒன்று இழுத்துக்கொண்டிருந்தது. கேக்காரனுக்கு அது என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. தினமும் சவரம் செய்யும்போது கண்ணாடியில் பார்த்த முகம்.

வசனமெல்லாம் எங்கேயோ போய்விட்டது. அவன் போய் எதிரே உட்கார்ந்து, பந்தை மச்சானின் மடியில் இறக்கினான்.

"புடிங்க மச்சான். தூங்க வைங்க, மூணாவது பிளாட்பாரம் போடுங்க," என்றான். பிறகு, கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "ஆனா அந்த மாதிரி மட்டும் இனிமே கூப்பிடாதீங்க. அது என்னுது," என்றான்.